கருப்பட்டிக்குத் தனிக் கணக்கு உண்டா? – வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

பிள்ளையார் நோன்பு, பொங்கல், தைப்பூசம் என்று அடுத்தடுத்து வரும் இந்தப் பருவத்தில், செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை இனிப்பைப் பற்றியே கேட்கின்றன. ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் அவற்றுள் சிலவற்றைச் சேர்த்து இம்முறை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 61. பத்து ஆண்டுகளாக நீரிழிவு இருக்கிறது. சீனியை வீட்டைவிட்டே ஒழித்துவிட்டோம். காபிக்குக் கருப்பட்டி, வெள்ளிக்கிழமை பணியாரத்துக்குக் கருப்பட்டி, உளுந்துமாவில் கிண்டும் ஆடிக்கும்மாயத்துக்கும் கருப்பட்டிதான். இருந்தும் இரத்தச் சர்க்கரைச் சோதனையான எச்பிஏ1சி 7.4இலிருந்து 8.6க்கு ஏறிவிட்டது. கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? பரிசோதனையில் பிழை இருக்குமா, டாக்டர் ஐயா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆய்வகத்தின்மேல் ஐயம் கொள்ளுமுன் கருப்பட்டியின்மேல் கொஞ்சம் ஐயம் கொள்ளலாம், அம்மா. பனையிலிருந்து இறக்கும் பதநீரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குச் சற்று மேல் இருக்கும் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ்தான். கரும்புச் சாற்றில் இருப்பதும் அதே சுக்ரோஸ்தான். ஒரு குளுக்கோசும் ஒரு ஃபிரக்டோசும் இணைந்து உண்டான மூலக்கூறு அது. சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் சுக்ரேஸ் என்ற நொதி அந்த இணைப்பை வெட்டிவிட, இரண்டும் தனித்தனியே உறிஞ்சப்பட்டு முதலில் கல்லீரலுக்குப் போகின்றன. வெட்டப்படுவது பனையிலிருந்து வந்ததா, கரும்பிலிருந்து வந்ததா என்று அந்த நொதிக்குத் தெரியாது.

வெள்ளைச் சீனியில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் சுக்ரோஸ். வெல்லத்தில் 65 முதல் 85 பங்கு வரை சுக்ரோசும், ஏறத்தாழ 10 முதல் 15 பங்கு ஏற்கெனவே பிரிந்துபோன குளுக்கோசும் ஃபிரக்டோசும், மிச்சத்தில் ஈரமும் தாது உப்புகளும் இருக்கும். கருப்பட்டியும் இதற்கு நெருங்கிய உறவுதான். அதில் சுண்ணாம்புச் சத்து சற்றுக் கூடுதலாக இருப்பதற்கு, பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பும் ஒரு காரணம். இரும்பு, பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவையும் இருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் பத்துக் கிராம் வெல்லத் துண்டிலோ கருப்பட்டித் துண்டிலோ கிடைக்கும் இரும்பு 1 மில்லிகிராமுக்கு உள்ளேதான் நிற்கும். வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராமும் ஆணுக்கு 19 மில்லிகிராமும் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்திருக்கிறது. அந்தத் தேவையைக் கருப்பட்டியால் நிரப்பப் பார்த்தால் இரும்பு வந்து சேருமுன் சர்க்கரை வந்து சேர்ந்துவிடும். அதிலும் காபியோடும் தேநீரோடும் உட்கொள்ளும்போது, அந்தப் பானங்களில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன.

‘மெதுவாக ஏறும்’ என்ற வாதத்தையும் பார்ப்போம். ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதைக் குளுக்கோசோடு ஒப்பிட்டு அளக்கும் கிளைசீமிக் குறியீட்டை 1981இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்சும் அவருடைய குழுவினரும் முன்வைத்தார்கள். குளுக்கோசை 100 என்று கொண்டால், சுக்ரோஸ் 65 அளவில் நிற்கிறது. அதில் பாதி ஃபிரக்டோஸ் என்பதும், ஃபிரக்டோஸ் இரத்தச் சர்க்கரையை நேரடியாக அதிகம் ஏற்றுவதில்லை என்பதும்தான் அதற்குக் காரணமேயன்றி, நிறமோ தாது உப்போ அல்ல. சுக்ரோசையே பெரும்பகுதியாகக் கொண்ட வெல்லமும் கருப்பட்டியும் அந்த அளவிலிருந்து வெகுதூரம் கீழே இறங்கிவிட முடியாது.

பணியாரத்துக்கு வருவோம். அதில் கருப்பட்டி மட்டுமா இருக்கிறது? பச்சரிசியும் உளுந்தும் அரைத்த மாவு வயிற்றுக்குள் போனபின் குளுக்கோசாகத்தான் மாறுகிறது. நீங்கள் எழுதாமல் விட்டுவிட்ட சோறும் அப்படித்தான்: 150 கிராம் சோற்றில் ஏறத்தாழ 40 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கும்மாயத்தில் உளுந்தின் புரதமும் நெய்யும் சேர்வதால் ஏற்றம் சற்றுத் தாமதப்படலாம். அதற்காக மொத்த அளவு குறைந்துவிடாது. சீனி போட்ட காபி என்றால் அரைக் கரண்டியோடு நிறுத்திக்கொண்டவர், கருப்பட்டிக் காபி என்றால் இரண்டாவது டம்ளரையும் தயங்காமல் கேட்கிறார். உங்கள் வீட்டில் நடந்திருப்பது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பரிசோதனையைப் பற்றிக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினில் குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டிருக்கும் விகிதமே எச்பிஏ1சி. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், அந்த எண் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுகிறது. இரும்புக் குறைவால் வரும் இரத்தசோகையில் இது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆகவே ஹீமோகுளோபின் அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது சரியாக இருந்தால், ஏற்றம் உண்மையானது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்குமானால், பணியாரம் உண்பதற்கு முன்னும் உண்ட இரண்டு மணி நேரத்துக்குப் பின்னும் விரல் நுனியில் ஒருமுறை குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தார் சொல்வதைவிட அந்த இரண்டு எண்கள் அவருக்கு நன்றாக எடுத்துச் சொல்லும்.

கேள்வி: ஃபிரக்டோசின் கிளைசீமிக் குறியீடு 20 அளவில்தான் என்று படித்தேன். அப்படியானால் அதுதானே நல்ல சர்க்கரை? பழச்சாறும் ஃபிரக்டோஸ் பொடியும் எடுத்துக்கொள்ளலாமா? உடற்பயிற்சிக் கூடத்தில் நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– ஒரு மாணவர், காரைக்குடி

பதில்: குறியீட்டை மட்டும் பார்த்து முடிவுகட்டினால் எங்கே போய்ச் சறுக்குவோம் என்பதற்கு உங்கள் கேள்வியே நல்ல சான்று. அந்தக் குறியீடு இரத்தத்தில் உள்ள குளுக்கோசை அளக்கிறது. ஃபிரக்டோசை அது அளப்பதே இல்லை. குறைவாகக் காட்டுவதில் வியப்பென்ன?

இரண்டும் உடலில் போகும் வழி வேறு. குளுக்கோஸ் இரத்தத்தில் ஏறியதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. தசையும் மூளையும் மற்ற உறுப்புகளும் ஆளுக்கொரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சியது கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் தசைகளில் 400 கிராம் அளவிலும் கிளைகோஜனாகச் சேமிக்கப்படுகிறது. ஃபிரக்டோசின் பெரும்பகுதியைக் கல்லீரல் ஒன்றே கையாள வேண்டியிருக்கிறது. சிறிய அளவில் வந்தால் அதைக் குளுக்கோசாகவும் கிளைகோஜனாகவும் மாற்றி முடித்துவிடும். அளவு மிகுந்து, அதுவும் திரவமாக விரைந்து வரும்போது, அந்த உறுப்பு அதன் ஒரு பகுதியைக் கொழுப்பாக மாற்றத் தொடங்குகிறது. அந்தக் கொழுப்பு இரத்தத்தில் டிரைகிளிசரைடாக வெளியேறுகிறது. ஒரு பகுதி கல்லீரலிலேயே தங்குகிறது. மது அருந்தாதவருக்கும் கொழுப்புக் கல்லீரல் வருவதற்கு இது ஒரு வழி. ஃபிரக்டோசை விரைந்து கையாளும்போது கல்லீரல் உயிரணுக்களின் ஆற்றல் இருப்பான ஏடிபி குறைந்து, அதன் சிதைவிலிருந்து யூரிக் அமிலம் உண்டாகிறது. கீல்வாதம் உள்ளவர்கள் இறைச்சியைக் குறைத்தும் யூரிக் அமிலம் குறையவில்லை என்று வரும்போது, அவர்கள் என்ன குடிக்கிறார்கள் என்றும் நான் கேட்பதுண்டு.

இதைப் படித்துவிட்டுப் பழத்தைத் தள்ளிவிடாதீர்கள். 100 கிராம் கொய்யாவில் சர்க்கரை 9 கிராம் அளவில்தான் இருக்கிறது. கூடவே நார்ச்சத்து 5 கிராம் இருக்கிறது. மென்று விழுங்க நேரமாகிறது, வயிறும் நிறைகிறது, உள்ளே மெல்லத்தான் போகிறது. ஒரு பெரிய டம்ளர் சாத்துக்குடிச் சாற்றுக்கு மூன்று நான்கு பழங்களைப் பிழிகிறோம். சக்கையோடு நார்ச்சத்தும் குப்பைக்குப் போக, சர்க்கரை மட்டும் அரை நிமிடத்தில் தொண்டைக்குள் இறங்குகிறது. இதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றின் சர்க்கரையைச் சீனியோடு ஒரே வரிசையில் வைத்திருக்கிறது; முழுப் பழத்தை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. அந்த வகைச் சர்க்கரை அன்றாட ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழே, அதாவது 2000 கலோரி உண்பவருக்கு 50 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்றும் அது கூறுகிறது. 300 மில்லி கோலா பாட்டில் ஒன்றிலேயே 30 கிராமுக்கு மேல் இருக்கிறது.

ஃபிரக்டோஸ் பொடியை வாங்க வேண்டாம்.

கேள்வி: பழுப்புச் சீனி, நாட்டுச் சர்க்கரை, கற்கண்டு, பனங்கற்கண்டு இவற்றுள் எது நல்லது?
– ஒரு வாசகர், புதுவயல்

பதில்: நாக்குக்கு எது பிடிக்கிறதோ அது. உடலைப் பொறுத்தமட்டில் இவற்றுக்குள் தரவரிசை போடும் அளவுக்கு வேறுபாடு இல்லை. கற்கண்டு என்பது பெரிதாகப் படிகமான சுக்ரோஸ். கடைகளில் விற்கும் பழுப்புச் சீனியில் பெரும்பாலானது, வெள்ளைச் சீனியோடு கரும்புப் பாகின் கசண்டு சிறிது கலந்தது. பற்களும் இவற்றை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை: வாயிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற நுண்ணுயிர் எந்தச் சுக்ரோசையும் அமிலமாக்கிப் பல்லின் மேற்பூச்சை அரிக்கும். பல்லில் ஒட்டிக்கொள்ளும் மனகோலம் என்ற பாகுப் பலகாரமும் வாயில் வெகுநேரம் அடக்கிவைக்கும் கற்கண்டும் இதில் சற்றுக் கூடுதல் தீங்கு செய்பவை. வெல்லம் வாங்கும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். பளிச்சென்ற மஞ்சள் நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற கந்தகச் சேர்மத்தைச் சேர்த்து வெளுக்கும் வழக்கம் இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கந்தகச் சேர்மங்கள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கறுத்த வெல்லத்தை எடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 70. என் மகன் வயிற்றுப் பேரன் பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்த பிள்ளைக்குத் தேன் தொட்டுச் சேனை வைப்போம். மருத்துவமனையில் கூடாது என்று சொன்னதாக மருமகள் தடுக்கிறாள். ஒரு சொட்டுத் தேன் என்ன செய்துவிடும்? அப்பத்தாவுக்கு அந்த உரிமைகூட இல்லையா?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: உரிமை உண்டு, ஆச்சி; தேன் மட்டும் கூடாது. உங்கள் மருமகள் பக்கம்தான் நான் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேனில் ஏறத்தாழ 38 பங்கு ஃபிரக்டோசும் 31 பங்கு குளுக்கோசும் 17 பங்கு நீரும் இருக்கின்றன. இங்கே அஞ்ச வேண்டியது அந்தச் சர்க்கரையை அல்ல. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் தேனில் உறங்கிக் கிடக்கக்கூடும். வளர்ந்தவர்களின் குடலில் அவை முளைக்க இடம் கிடைப்பதில்லை. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில், நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் இன்னும் நிலைபெறாத காரணத்தால், அவை முளைத்து நரம்புகளை முடக்கும் நஞ்சை உண்டாக்கிவிடும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் குடிப்பதில் சோர்வு, மெலிந்த அழுகை, துவண்ட கழுத்து, கடைசியில் மூச்சுத் திணறல் என்று அது போகும். அரிதான நோய்தான், ஆனால் வந்துவிட்டால் குழந்தையைத் தீவிர சிகிச்சையில்தான் வைக்க வேண்டும். மலைத்தேன், கொம்புத்தேன், சுத்தமான தேன் என்ற வேறுபாடு இதில் உதவாது. கொதிக்கவைத்தாலும் அந்த வித்துகள் சாவதில்லை. எத்தனையோ பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் ஆகாத வீடுகளில் இருந்துதான் அந்த நினைவு வருகிறது.

தேனுக்குப் பதிலாகக் கருப்பட்டித் தண்ணீரும் சீனித் தண்ணீரும் வேண்டாம். தண்ணீர் வழியாக வேறு கிருமிகள் போகலாம். இனிப்பு நீரால் வயிறு நிறைந்தால் குழந்தை மார்பை நாடுவதும் குறையும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். அதிலேயே 100 மில்லிக்கு 7 கிராம் அளவில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. குளுக்கோசும் காலக்டோசும் இணைந்த அந்தச் சர்க்கரை, வளரும் மூளைக்கென்றே அமைந்தது போன்றது. ஆகவே சடங்கை நடத்துங்கள். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, தாயின் பாலில் ஒரு சொட்டைப் பேரனின் நாவில் நீங்களே வையுங்கள்.

கேள்வி: பால் குடித்தால் வயிறு உப்பி இரைச்சலாக இருக்கிறது, தயிர் ஒன்றும் செய்வதில்லை. எனக்குப் பால் ஒவ்வாமையா?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: ஒவ்வாமை அன்று, லாக்டோசைப் பிரிக்கும் லாக்டேஸ் நொதி குறைந்திருப்பதாகத்தான் தெரிகிறது. குழந்தைப் பருவத்துக்குப் பின் அந்த நொதி குறைந்துபோவது நம் பகுதியில் மிகப் பரவலானது. அதை நோய் என்றே சொல்ல வேண்டியதில்லை. பிரியாமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும் லாக்டோசை அங்குள்ள நுண்ணுயிர்கள் புளிக்கவைப்பதால் காற்று உண்டாகிறது. தயிரில் ஒரு பங்கு லாக்டோஸ் ஏற்கெனவே அமிலமாகிவிட்டது. மிச்சத்தைப் பிரிக்கத் தயிரின் நுண்ணுயிர்களே உதவுகின்றன. தேங்காய்ப் பாலில் லாக்டோஸ் இல்லை. அதில் ஊறவைத்த பால் பணியாரம் உங்கள் வயிற்றைத் தொந்தரவு செய்யாது. உளுந்து வேண்டுமானால் தன் பங்கைச் செய்யலாம்.

கேள்வி: கவுனி அரிசி கறுப்பாக இருப்பதால் நீரிழிவுக்காரர்கள் தாராளமாக உண்ணலாம் என்கிறார்கள். உண்மையா? திருமண வீடுகளில் அதைத் தவிர்க்க முடிவதில்லை.
– ஒரு வாசகர், கோட்டையூர்

பதில்: ‘தாராளமாக’ என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நகரத்தார் பர்மாவிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இந்த அரிசி, பசைத்தன்மை மிகுந்த இனத்தைச் சேர்ந்தது. அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை உண்டு. நீண்ட சங்கிலியான அமைலோஸ் மெல்லச் செரிக்கும். கிளைகிளையாக விரிந்த அமைலோபெக்டினை நொதிகள் பல முனைகளிலும் ஒரே நேரத்தில் வெட்டிவிடுவதால் அது விரைந்து குளுக்கோசாகிவிடும். பசை அரிசியில் அமைலோஸ் மிகக் குறைவு. தவிடு நீக்காமல் இருப்பதால் கவுனியில் நார்ச்சத்தும், கறுப்பு நிறம் தரும் ஆந்தோசயனின்களும் இருக்கின்றன. பட்டை தீட்டிய வெள்ளைப் பசை அரிசியைவிட இது மேல் என்று சொல்லலாம். ஆனால் நாம் அதை எப்படி உண்கிறோம்? இரவெல்லாம் ஊறவைத்துக் குழைய வேகவைத்து, மசித்து, சீனியும் நெய்யும் தேங்காய்த் துருவலும் சேர்த்தல்லவா? தவிடு தரும் தடையைக் குழைந்த பதம் பாதி தளர்த்திவிட, சீனி மீதியை முடித்துவிடுகிறது.

விருந்தில் சின்னக் கிண்ணத்தில் பாதி உண்ணுங்கள். அன்றைக்கு அந்த அளவு சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். இலையில் முதலில் வைக்கும் இனிப்பை முதலிலேயே உண்டாக வேண்டும் என்பதில்லை. காய்கறியும் பருப்பும் முதலில், சோறும் இனிப்பும் பின்னர் என்று வரிசையை மாற்றினால் சர்க்கரையின் ஏற்றம் குறைகிறது என்பது ஆய்வுகளில் நன்றாகத் தெரிந்த செய்தி. உண்டபின் ஒரு கால் மணி நேரம் நடங்கள்: இயங்கும் தசை, இன்சுலின் குறைவாக இருக்கும்போதும் இரத்தத்திலிருந்து குளுக்கோசை இழுத்துக்கொள்ளும். செட்டிநாட்டு வீதிகள் நீளமானவை. நடப்பதற்கு அவை போதும்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து மகள் இனிப்பு மாத்திரைகளும் ‘சுகர் ஃப்ரீ’ சாக்லேட்டும் அனுப்பியிருக்கிறாள். புற்றுநோய் வரும் என்று இவர் பயமுறுத்துகிறார். பாயசத்தில் அந்த மாத்திரையைப் போட்டால் கசக்கவும் இல்லை, இனிக்கவும் இல்லை.
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: இனிக்காததற்குக் காரணம் சமையலில் இருக்கிறது. அது ஆஸ்பார்ட்டேமாக இருக்க வேண்டும். சீனியைவிட ஏறத்தாழ 200 மடங்கு இனிப்பான அது, வெகுநேரம் கொதிக்கும் வெப்பத்தில் சிதைந்து இனிப்பை இழந்துவிடும். இறக்கி ஆறவைத்தபின் சேர்க்க வேண்டும். சுக்ரலோசும் சீனித்துளசிச் சாறும் வெப்பத்தை ஓரளவு தாங்கும்.

புற்றுநோய் அச்சத்துக்கு வித்திட்டது 2023 ஜூலையில் வந்த அறிவிப்பு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஆஸ்பார்ட்டேமைப் புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருள்களின் ‘2பி’ பிரிவில் வைத்தது. சான்றுகள் வலுவாக இல்லாதபோது வைக்கும் பிரிவு அது. அதே நேரத்தில் உணவுச் சேர்க்கைகளை ஆராயும் வல்லுநர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய நாளளவை மாற்றத் தேவையில்லை என்றது. நாளைக்கு ஒன்றிரண்டு மாத்திரை போடும் நீங்கள் அந்த அளவின் அருகில்கூடப் போகமாட்டீர்கள். பிறவியிலேயே ஃபீனைல்கீட்டோனூரியா என்ற அரிய நோய் உள்ளவர்கள் மட்டும் ஆஸ்பார்ட்டேமைத் தொடக் கூடாது. உடல் எடையைக் குறைக்கும் வழியாக இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்றும் அந்த நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது.

சாக்லேட்டைப் பற்றித்தான் நான் அதிகம் எச்சரிப்பேன். அவற்றில் மால்ட்டிட்டால், சார்பிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள் இருக்கும். பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் மது அன்று. குடலில் முழுவதும் உறிஞ்சப்படாத காரணத்தால், நாலைந்து துண்டு சேர்த்துச் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு வரும். மால்ட்டிட்டால் ஓரளவு சர்க்கரையையும் ஏற்றும். கொழுப்பும் கலோரியும் வழக்கமான சாக்லேட்டுக்குப் பெரிதாகக் குறைந்தவை அல்ல. மகள் இருக்கும் ஊரில் 2022 டிசம்பர் முதல் பானங்களுக்கு அவற்றின் சர்க்கரை, கொழுப்பு அளவைப் பார்த்து நான்கு தரங்களாக முத்திரை இடுகிறார்கள். இங்கும் அப்படி ஒன்று வந்தால் என் வேலை பாதி குறையும்.

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் குடிக்கச் சொல்கிறார்கள். பிள்ளைக்குக் கெடுதல் வராதா?
– ஒரு வாசகி, திருப்பத்தூர்

பதில்: வராது; தயங்காமல் குடியுங்கள். நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையை மந்தப்படுத்துவதால், முன்பு நீரிழிவே இல்லாதவருக்கும் கர்ப்ப காலத்தில் அது தோன்றக்கூடும். தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. மாதக்கணக்கில் மிகுதியான குளுக்கோஸ் வந்தால் பிள்ளை தன் இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து பெருத்துவிடும். பிறந்தவுடன் அந்த வரத்து நின்றுபோவதால் அதன் சர்க்கரை தாழ்ந்துவிடும். இதை முன்கூட்டியே அறியத்தான் சோதனை. வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லாத இந்த எளிய முறை, சென்னை மருத்துவர் வி. சேஷையாவும் அவரோடு இயங்கிய வல்லுநர்களும் வகுத்தது. குடித்த இரண்டு மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை 100 மில்லிக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்வார்கள். குடித்த அரை மணிக்குள் வாந்தி வந்துவிட்டால் மறைக்காமல் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். இன்னொரு நாள் செய்ய வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 55. நீரிழிவுக்கு மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். சென்ற தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போனபோது, வழியில் உடல் நடுங்கி வியர்த்துக் கொட்டியது. மீட்டரில் 58. உடன் வந்தவர்கள் பானகம் கொடுத்தார்கள், கருப்பட்டித் துண்டும் கொடுத்தார்கள். அரை மணி ஆகியும் தெளியவில்லை. எல்லாம் ஒரே சர்க்கரை என்றால் ஏன் ஏறவில்லை? இவ்வாண்டும் குன்றக்குடியிலிருந்து நடக்க எண்ணியிருக்கிறேன்.
– ஒரு வாசகர், குன்றக்குடி

பதில்: உங்கள் மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு என்ற பெயர்களோடு மூன்றாவதாக வோக்லிபோஸ் என்று அச்சிட்டிருந்தால், விடை அங்கே இருக்கிறது. முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன சுக்ரேஸ் நொதியைத்தான் வோக்லிபோஸ் கட்டிப்போடுகிறது. அகார்போஸ் என்ற மருந்தும் அப்படியே. உணவுக்குப் பின் சர்க்கரை திடீரென்று ஏறாமலிருக்க அது உதவுகிறது. சர்க்கரை தாழ்ந்து கிடக்கும் நேரத்தில் அதே செயல் எதிராகிவிடுகிறது: பானகத்தின் வெல்லமும் கருப்பட்டியும் சுக்ரோசாகவே குடலில் காத்திருக்கும், வெட்டப்பட்டாலொழிய இரத்தத்தில் சேராது. சர்க்கரை வகைகளுக்குள் உள்ள வேறுபாடு உயிர்காக்கும் அளவுக்கு முக்கியமாகும் இடம் இதுதான்.

உங்களுக்கு வேண்டியது பிரிக்கத் தேவையில்லாத குளுக்கோஸ். மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியில் 15 கிராமை, அதாவது மூன்று தேக்கரண்டியை, தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் உட்கார்ந்து மீண்டும் அளக்க வேண்டும். 70க்கு மேல் வரவில்லையானால் இன்னொரு முறை குடிக்க வேண்டும். பொடி இல்லாத நெருக்கடியில் ஒரு கரண்டி தேன் கருப்பட்டியைவிட உதவும். அதில் குளுக்கோஸ் பிரிந்த நிலையிலேயே இருக்கிறது. சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு உறிஞ்சுதலைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். 108ஐ அழைக்க வேண்டும். இதை உங்களோடு நடப்பவர்களுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

தெளிந்தபின்னும் நடையைத் தொடராமல் ஏதேனும் உண்டுவிட்டு ஓய்வெடுங்கள். கிளிமெபிரைடின் வேலை பல மணி நேரம் நீடிப்பதால், ஏறிய சர்க்கரை மீண்டும் இறங்கக்கூடும். இவ்வாண்டு கிளம்புமுன் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். நாள்முழுதும் நடக்கும் நாள்களுக்கு அந்த மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், அதை நீங்களாகச் செய்ய வேண்டாம். வழியில் அன்னதானம் எந்த நேரத்தில் கிடைக்கும் என்று உறுதியில்லாதபோது, உணவு கண்ணில் பட்ட பிறகே மாத்திரையைப் போடுவது நல்லது. எந்த மாத்திரையை அப்படித் தள்ளலாம் என்பதையும் அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மீட்டரையும் குளுக்கோஸ் பொட்டலத்தையும் பின்னால் வரும் வண்டியின் மூட்டையில் போடாமல் இடுப்புப் பையில் வையுங்கள். வெறுங்காலில் நடப்பதானால் ஒவ்வோர் இரவும் பாதங்களை விளக்கு வெளிச்சத்தில் இன்னொருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீரிழிவில் உணர்வு மங்கிய காலில் கொப்புளம் வலிப்பதில்லை.